முந்நூற்று எண்பது அடி

6 ஜனவரி 1930, திங்கள்

இன்று தெரிந்த தவறு: போன வெள்ளிக்கிழமை கொடுத்த கட்டுரையில், ஸ்டென்னா தீவின் மிக உயரமான இடம் 3,800 அடி என்று எழுதியிருந்தேன். புத்தகத்தில் 380 என்றுதான் இருக்கிறது. கை தவறி எழுதவில்லை. அச்சில் ஒரு சைபர் விட்டுப்போயிருக்கிறது என்று நானே முடிவு செய்து, நானே சேர்த்தேன்.

முதலில் அன்றைய தவறு, நடுவில் நடந்தது, கடைசியில் மறுநாள் வேலை. எங்கள் மாலை வகுப்பில் இப்படித்தான் டைரி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று மாதமாக எழுதி வருகிறேன். தவறு இல்லாத நாள் இன்னும் வரவில்லை.

நான் ஏன் சைபர் சேர்த்தேன் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். அந்தத் தீவில் ஜூலை மாதத்துச் சராசரி வெப்பம் 54 டிகிரி பாரன்ஹீட் என்று போட்டிருக்கிறது. இன்று விடியலில் எங்கள் ஸ்டோர் சுவரில் தொங்கும் வெப்பமானியில் 56. அதாவது அவர்களுடைய ஆடி மாதப் பகலைவிட எங்கள் மார்கழி விடியல் சூடு. அப்படிப்பட்ட குளிர் 380 அடியில் எப்படி இருக்கும்? சேலமே தொள்ளாயிரம் அடி. அங்கே சித்திரையில் செருப்பில்லாமல் நடக்க முடியாது. மலையேற ஏறக் குளிரும், இறங்க இறங்கக் காயும். எங்கள் காப்பி எஸ்டேட் 4,100 அடி. ஏறக்குறைய இந்த உயரம் இருந்தால்தான் இந்தக் குளிர் வரும். ஆகவே 3,800. கணக்கு எனக்குச் சரியாகத்தான் பட்டது.

அருளப்பன் சார் கட்டுரையில் சிவப்பு மசியால் அந்தச் சைபரைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார். அவர் மிஷன் பள்ளியில் படித்தவர். என்னைவிட ஆறு வயதுதான் மூத்தவர்.

"அம்மாசி, இது எங்கிருந்து வந்தது?"

"அச்சுப்பிழைங்க சார். நான் திருத்திட்டனுங்க."

வகுப்பே சிரித்தது. செம்மநத்தத்திலிருந்து நடந்து வரும் ஐயாக்கண்ணு அதிகமாகச் சிரித்தான். "தொரைமாரு அச்சடிச்சத இவன் திருத்திப்போட்டானாமா! நம்ம சேர்வராயன் மலைக்கும் ஒரு சைபர் சேத்தீன்னா வானத்தைத் தொட்டுரும்டா."

கட்டுரைக்கு இரண்டு மார்க் குறைந்தது. அது போகட்டும். அந்தச் சைபரை நான் வீட்டிலும் சொல்லியிருக்கிறேன். அதுதான் இப்போது கவலை.

புத்தகம் என்னுடையது அல்ல. அக்கா பொன்னாயி பங்களாவில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா. தொரைசாணியம்மா பிறந்த ஊர் அந்த ஸ்டென்னா. ஸ்காட்லாந்துக்கும் வடக்கே, கடலுக்கு நடுவில், மீன்பிடிக்கிற தீவு. அடுத்த மாதம் தொரைசாணியம்மா குழந்தையோடு ஊருக்குப் போகிறார். ஒரு வருஷத்துக்கு அக்காவையும் கூட வரச் சொல்கிறார். வருகிற சனிக்கிழமை பங்களாவில் ஒப்பந்தத்தாளில் கைநாட்டு. படம் பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான் அந்தச் சிறு புத்தகத்தை அக்காவிடம் கொடுத்தார். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. நான் அகராதியை வைத்துக்கொண்டு நான்கு நாள் படித்தேன்.

அக்கா என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அந்த ஊரு மேலயா, கீழயா?"

காரணம் எங்கள் கூலி லைன் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். மாமா, அதாவது அக்காவின் புருஷன், காப்பி மூட்டை ஏற்றிக்கொண்டு மாட்டுவண்டியில் சேலம் போய்வந்தவர். ஒரு மழைக்காலத்தில் அடிவாரத்து வண்டிப்பேட்டையில் இரண்டு இரவு தங்க வேண்டியதாயிற்று. காய்ச்சலோடு வந்தார். பதினோராம் நாள் போய்விட்டார். அது நடந்து நான்கு வருஷம். அதற்குப் பிறகு அக்கா மலையை விட்டு ஒரு வளைவுகூடக் கீழே இறங்கியதில்லை. அம்மாவோடு சேலத்துக்குத் துணி எடுக்கக்கூட வரமாட்டாள். கீழே என்றால் அவளுக்குக் காய்ச்சல்.

நான், "மேலதான் அக்கா, மூவாயிரத்து எண்ணூறு அடி. நம்ம ஊரு மாதிரியே மலை" என்றேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை அவள் போய்த் தொரைசாணியம்மாவிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

நாளை வேலை: அருளப்பன் சாரிடம் 380 தான் சரியா என்று இன்னொரு முறை கேட்க வேண்டும். சரி என்றால் அக்காவிடம் சொல்ல வேண்டும்.

7 ஜனவரி, செவ்வாய்

இன்றைய தவறு: சாரிடம் கேட்டேன், அக்காவிடம் சொல்லவில்லை. பாதி வேலைதான் நடந்தது.

வகுப்பு முடிந்ததும் சார் என்னையும் ஐயாக்கண்ணுவையும் உட்காரவைத்து, அரிக்கேன் விளக்கைப் பெட்டியின் மேல் வைத்தார். அதுதான் சூரியன். ஐயாக்கண்ணு அவனுடைய தோட்டத்துக் கமலா ஆரஞ்சு இரண்டு கொண்டுவந்திருந்தான். அதில் ஒன்று பூமி. சார் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, "இது நாம்" என்றார். காம்புக்குப் பக்கத்தில் இன்னொரு புள்ளி. "இது ஸ்டென்னா. இங்கே வெயில் சாய்ந்து விழுகிறது. சாய்ந்த வெயிலுக்குச் சூடு குறைவு. அதனால் கடல் மட்டத்திலேயே குளிர்."

"சாயங்கால வெயில் மாதிரிங்களா சார்?"

"அப்படித்தான். நாள் முழுக்கச் சாயங்காலம் என்று வைத்துக்கொள்."

இது புரிந்தது. ஆனால் புத்தகத்தில் ஏழாம் பக்கத்தில், ஜூனில் பகல் பத்தொன்பது மணி நேரம், நள்ளிரவிலும் வாசலில் நின்று கடிதம் படிக்கலாம் என்று இருக்கிறது. ஒன்பதாம் பக்கத்தில், டிசம்பரில் பகல் ஆறே மணி நேரம். பத்தொன்பது மணி நேரம் வெயில் அடிக்கிற ஊர் ஏன் காயவில்லை? ஆறு மணி நேரம்தான் பகல் என்றால் ஆள்கணக்கு எடுப்பது எப்போது, வேலைக்குப் போவது எப்போது? இரண்டு பக்கமும் ஒன்றையொன்று மறுக்கின்றன. அதனால்தான் நான் அந்தப் புத்தகத்தின் எண்களையே நம்பாமல் போனேன். இதையும் சாரிடம் சொன்னேன்.

சார் ஆரஞ்சைச் சாய்த்துப் பிடித்துச் சுற்றினார். ஒரு பக்கம் சுற்றும்போது காம்பு வெளிச்சத்திலேயே இருந்தது. மறுபக்கம் கொண்டுபோனபோது இருட்டிலேயே இருந்தது. கண்ணால் பார்த்தேன். பார்க்கும்போது புரிந்தது. கையை எடுத்ததும் போய்விட்டது.

"உண்மையைச் சொல்லட்டுமா அம்மாசி? இதை நான் பரீட்சைக்கு மனப்பாடம் செய்துதான் எழுதினேன். சாய்வு இருபத்து மூன்றரை டிகிரி. அது ஏன் சாய்ந்தது என்று என்னைக் கேட்காதே."

அடுத்தது பதினோராம் பக்கம். தெற்கிலிருந்து வெந்நீர் போல் ஒரு நீரோட்டம் கடலுக்குள்ளேயே வந்து தீவைச் சுற்றிப் போகிறதாம். அதனால் ஜனவரியிலும் 39க்குக் கீழே அதிகம் போவதில்லை, பனி விழுந்தாலும் தங்குவதில்லை. கடலுக்குள் ஆறு. அதற்குக் கரை எது? கேட்கவில்லை. சார் களைத்திருந்தார்.

"மரமே இல்லீனும் போட்டிருக்குதுங்க சார். மரமில்லாத ஊருன்னா காஞ்ச ஊருதானுங்களே?"

"காற்று. உப்புக்காற்று. மரம் நிற்காது."

"அடுப்புக்கு வெறகு?" என்று ஐயாக்கண்ணு கேட்டான்.

நான் புத்தகத்தைத் திறந்து காட்டினேன். சதுப்பு நிலத்து மண்ணைச் செங்கல் மாதிரி வெட்டி, அடுக்கிக் காயவைத்து, குளிர்காலத்தில் அதை எரிக்கிறார்கள்.

"மண்ணையா எரிக்கறாங்கோ? அப்பறம் சட்டிய எதுல செய்வாங்கோ, வெறகுலயா? ஏப்பா, உங்க அக்காள எந்த ஊருக்குடா அனுப்பறீங்கோ?" என்று கேட்டபடியே அவன் பூமியை உரித்துத் தின்றுவிட்டான். நாங்கள் இருந்த பக்கத்தைச் சாருக்குக் கொடுத்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சதுப்பு நிலம் என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. தாழ்வான ஊர், அதில் சதுப்பு. காய்ச்சல் வேறு எங்கே இருக்கும்?

வீட்டுக்குப் போனபோது அக்கா பழைய கம்பளியைத் தைத்துக்கொண்டிருந்தாள். அம்மா வேலம்மாள் மிளகாய் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"கடலுக்குள்ள மலைங்கறான் உன்ற மகன்" என்றாள் அக்கா. "மேகம் எறங்குமாமா, நம்ம ஊரு மாதிரியே. நீ அழுவாதீம்மா."

"மலைன்னா சேரி சாமி" என்று அம்மா என்னைப் பார்த்தாள். "நீ படிச்சதுனால எனக்குப் பாதி உசுரு வந்துச்சு. அந்தப் பொஸ்தகத்துல வேற என்னதான் போட்டிருக்குது?"

நான், "மீனு காயப்போடறதப் பத்திப் போட்டிருக்குது" என்றேன். அது பொய் இல்லை. அதைத்தான் சொன்னேன். மீனைப் பிளந்து உப்புப் போட்டு, கடற்கரைக் கற்களின் மேல் பரப்பி, நாளுக்கு இரண்டு முறை திருப்பி, மழை வந்தால் குவித்து மூடுகிறார்கள். புத்தகம் முழுவதிலும் எனக்குச் சந்தேகமில்லாமல் புரிந்த ஒரே பக்கம் அது. களத்தில் காப்பிக்கு நான் செய்யும் வேலையேதான். வெயில் இல்லாத நாளிலும் காற்றிருந்தால் காயும் என்று அங்கேயும் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

அம்மா கேட்டுவிட்டு, "அப்ப நம்மளாட்டம் சனந்தான்" என்றாள். அதற்குப் பிறகு சொல்ல முடியவில்லை.

நாளை வேலை: காலை ஆள்கணக்குக்கு முன்பே அக்காவிடம் சொல்ல வேண்டும்.

9 ஜனவரி, வியாழன்

இன்றைய தவறு இரண்டு. நேற்று டைரி எழுதவில்லை. நேற்று சொல்ல வேண்டியதையும் சொல்லவில்லை. காலையில் அக்கா சீக்கிரம் போய்விட்டாள் என்று எழுதலாம். ஆனால் நான் எழுந்திருக்கத் தாமதித்தேன் என்பதே சரி.

இன்று பத்து மணிக்குப் பனி விலகியது. நான் களத்தில் காப்பியைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெயில் காட்ட வந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. நான் காப்பி திருப்புகிற பலகையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

"அக்கா, அந்த ஊரு மலை இல்ல."

"என்ன?"

"ரொம்ப ஒசரமான எடமே முந்நூத்தி எண்பது அடிதான். ஒரு சைபர நாந்தான் சேத்துப்போட்டேன். ஊடெல்லாம் அதுக்கும் கீழ, கடலோரமா இருக்குது. சேலத்தவிடக் கீழ. அடிவாரத்தவிடக் கீழ."

அக்கா குழந்தையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள்.

"நான் உங்கிட்ட எத்தன கேள்வி கேட்டேன்?"

"ஒண்ணு."

"ஒண்ணே ஒண்ணு கேட்டேன். பொஸ்தகத்துல இருக்கறத சொல்றதுக்கு உனக்கென்ன நோவு? நீ என்னத்துக்குச் சேத்துன?"

"குளுருதுன்னு போட்டிருந்துச்சு. குளுந்தா மேலதான இருக்கோணும்னு நெனச்சேன்."

அவள் என் பின்னால் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஸ்டோருக்கு மேலே எங்கள் மலை, அதற்கு மேலே வெள்ளை. அவளும் அப்படித்தானே நினைத்திருப்பாள் என்று தோன்றியது. ஆனால் அவள் எதையும் சேர்க்கவில்லையே.

"அங்க குளுராதா, அப்ப?"

"குளுரும். கீழயே குளுரும். வெயிலு சாஞ்சு உழுவுதாம்."

"காச்ச?"

"தெரியல அக்கா. சதுப்புன்னு போட்டிருக்குது. ஆனா காச்சல்னு எந்தப் பக்கத்துலயும் இல்ல. இல்லாததுனால இல்லீனு சொல்றதா, எழுதாம உட்டுட்டாங்களான்னு எனக்குத் தெரியல."

அப்போதுதான் தொரைசாணியம்மா தொப்பி வைத்துக்கொண்டு குழந்தையைத் தேடி வந்தார். நான் பலகையை எடுத்துக்கொண்டேன். அக்கா நகரவில்லை. நேராகக் கேட்டாள்.

"அம்மா, உங்க ஊடு மேலீங்களா, கீழீங்களா?"

தொரைசாணியம்மாவின் தமிழ் துண்டு துண்டாக வரும். அவருக்கு முதலில் கேள்வி விளங்கவில்லை. அக்கா கையால் மலையையும் பள்ளத்தையும் காட்டினாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"கீழே! ரொம்பக் கீழே. கதவு, அப்புறம் இருபது அடி நடை, அப்புறம் கடல்."

"காச்ச வருங்களா? கொசு?"

"கொசு இல்லே. காத்து. ஜாஸ்தி காத்து. கோழி பறந்து போகும். கூரைக்குக் கயிறு, கயிறுக்குக் கல்லு." குனிந்து களத்து ஓரக்கல் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். பிறகு தாமாகவே சொன்னார்: "மரம் இல்லே. நான் இங்கே வந்தேன், முதல் மாசம், ரொம்பப் பயம். எல்லாப் பக்கம் மரம். யார் வர்றான்னு தெரியாது. கடல் எங்கே தெரியாது. தொரைகிட்டே அழுதேன்."

"மரத்தப் பாத்துங்களா?" என்று கேட்ட அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொரைசாணியம்மாவும் சிரித்தார். குழந்தையை வாங்கிக்கொண்டு, "சனிக்கிழமை, ஆயா?" என்றார்.

"சாயங்காலம் சொல்றனுங்கம்மா" என்றாள் அக்கா. தொரைசாணியம்மா சிரிப்பை நிறுத்தி, அவளை ஒரு முறை பார்த்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு அக்கா களத்து ஓரத்தில் உட்கார்ந்தாள். நான் காப்பியைத் திருப்பினேன். ஒரு வரிசை முடிந்தது.

"அந்தம்மா பொய் சொல்லல" என்றாள்.

"இல்ல."

"மரத்தப் பாத்துப் பயந்திருக்குது பாரு. நாம மரமில்லாட்டிப் பயந்துக்கறோம்."

நான் தலையாட்டினேன்.

"தம்பி, கப்பலு எங்கிருந்து பொறப்படுது?"

"பம்பாய்ல இருந்து."

"பம்பாய்க்கு மலை மேலயேவா போவாங்கோ?"

நான் பலகையை நிறுத்தினேன். தீவின் உயரம், வெப்பம், பகலின் அளவு எல்லாவற்றையும் நோட்டில் கோடு போட்டு எழுதியிருக்கிறேன். இந்த எஸ்டேட்டிலிருந்து கிளம்பினால் முதலில் அடிவாரம் வரும், பிறகு சேலம் ரயில், பிறகு இரண்டு நாள் சமவெளி என்பதை எங்கும் எழுதவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை.

"எனக்குத் தோணுச்சு" என்றாள் அக்கா. "மோட்டாருல கண்ண மூடிக்கலாம்னு இருந்தேன். மேல போயி எறங்கப்போறம், நடுவால கொஞ்சம் கீழ, மூச்சப் புடிச்சுக்கலாம்னு. இப்பப் போற ஊருங் கீழன்னா ஒரு வருசம் மூச்சப் புடிச்சுக்கிட்டு இருக்க முடியுமா?"

"போவ வேண்டாம் அக்கா. நான் வந்து தொரைசாணியம்மாகிட்டச் சொல்றேன். என்ற தப்புன்னு."

"நீ வாய மூடு. போவ மாட்டேன்னு நான் சொன்னனா?" அவள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். "நாளைக்கு லீவு சொல்லு. அடிவாரத்துக்கு நடந்து எறங்குவோம். அந்த வண்டிப்பேட்டையில போயி நிக்கறேன். உன்ற மாமன் படுத்த எடத்துலயே நிக்கறேன். என்னால நிக்க முடிஞ்சா சனிக்கெழம கைநாட்டு. முடியலீனா அந்தம்மா வேற ஆளப் பாக்கட்டும்."

"அங்க காச்ச…"

"மார்கழியில பகல்ல யாருக்கும் வந்ததில்ல. எனக்குத் தெரியாதா? நாலு வருசமா விசாரிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்." இரண்டடி போய்த் திரும்பினாள். "நீயுங் கூட நடந்து வரோணும். சைபரு சேத்தவன் நீதான?"

சாயங்காலம் அவளே போய் ஒரு நாள் தவணை கேட்டுவிட்டு வந்தாள். தொரைசாணியம்மா சரி என்றாராம். அம்மாவிடம் நான்தான் உயரத்தைச் சொன்னேன். அம்மா என்னைத் திட்டவில்லை. புத்தகத்தை வாங்கிப் படத்தைப் பார்த்தாள். கற்களின் மேல் மீன் காய்கிற படம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுல அவ எங்க நிப்பா?" என்று கேட்டாள். 

நாளை அக்காவால் அங்கே நிற்க முடிய வேண்டும் என்று நினைக்கிறேனா, முடியக்கூடாது என்று நினைக்கிறேனா, எனக்கே தெரியவில்லை. சற்றுமுன் ஒரு ஆரஞ்சை எடுத்து விளக்கின் முன் சாய்த்துப் பார்த்தேன். காம்பு முதலில் வெளிச்சத்தில் இருந்தது. மறுபக்கம் கொண்டுபோகும்போது கையும் சேர்ந்து திரும்பிவிட்டது. எந்தப் பக்கம் சாய்த்தேன் என்று மறந்துபோயிற்று.

கட்டுரை நோட்டில் 3,800 என்பதை அடித்து 380 என்று எழுதி, பக்கத்தில் தேதி போட்டுவிட்டேன்.

நாளை வேலை: எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரிடம் லீவு சொல்வது. களத்து வேலைக்கு மாற்று ஆள் பார்ப்பது. எஸ்டேட் மருந்துக்கடையில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் மருந்து கொய்னா வாங்குவது. மாலை வகுப்புக்கு வரமுடியாது என்று ஐயாக்கண்ணு மூலம் சாருக்குச் சொல்லி அனுப்புவது. ஏழு மணிக்குள் அக்காவுடன் பழைய குதிரைப்பாதையில் இறங்கி, அடிவாரத்து வண்டிப்பேட்டைக்குப் போய், பொழுது சாயுமுன் வீடு திரும்புவது.